பறவைப் பாட்டைக் கணக்கில் பிடிக்க வருகிறவர்களுக்கு

பறவைகளின் பாட்டைக் கணினியில் ஆராய வேண்டும் என்று ஆண்டுதோறும் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் பொறியியல் படித்தவர்கள், பைத்தான் கைவந்தவர்கள். நியூரல் நெட்வொர்க் பற்றி என்னைவிட நன்றாகவே தெரிந்தவர்கள். முதல் கேள்வி மட்டும் மாறுவதில்லை: "சார், எந்த மாடல் நல்லது?" நேரே பதில் சொல்லாமல் நான் இழுத்தடிப்பதாக அவர்களுக்குத் தோன்றும். காரணத்தோடுதான் இழுக்கிறேன். மைக்கை நீட்டுவது முதல் முடிவை எழுதுவது வரை இந்த வேலையில் ஒவ்வொரு படியிலும் நாம் எதையோ தீர்மானித்துவிடுகிறோம். கடைசியில் கையில் வரும் எண்ணில் பறவை தந்தது எவ்வளவு, நாம் நுழைத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான். எண் போட்டிருக்கிறேனே தவிர, முக்கியத்துவப்படி அடுக்கவில்லை.

1. எந்த உயிர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

குயில் காக்கைக் கூட்டில் பொரிந்து காக்கை ஊட்டி வளர்கிறது. குஞ்சுப் பருவம் முழுக்க அது பக்கத்தில் கேட்பது கரைதலைத்தான். பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. அந்தக் கூவல் கற்று வந்ததல்ல, உடலோடு வந்தது. கோழியும் புறாவும் அப்படித்தான். கேட்டுக் கற்கும் குலங்கள் பறவைகளில் மூன்றே: பாட்டுப்பறவைகள், கிளிகள், ஓசனிச்சிட்டுகள். பாலூட்டிகளில் நாம், திமிங்கிலங்களும் டால்ஃபின்களும், வௌவால்களில் சில, சீல்களில் சில, யானை.

1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப் சாஃபிஞ்ச் குஞ்சுகளைத் தனிமையில் வளர்த்து, அவை குறைப்பட்ட பாட்டையே பாடும் என்று காட்டினார். 1965இல் மசகாசு கொனிஷி இன்னும் ஒரு படி போனார். வெண்முடிக் குருவிக்கு முதலில் மூத்த பறவையின் பாட்டைக் கேட்கக் கொடுத்து, அது தானாகப் பாடிப் பழகுமுன் செவிப்புலனை நீக்கிப் பார்த்தார். பாட்டு உருக்குலைந்து போயிற்று. நினைவில் உள்ள பாட்டோடு தன் குரலைத் தானே கேட்டு ஒப்பிட்டால்தான் பாட்டு தேறும் என்பது அதிலிருந்து தெரிந்தது. இன்று ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் கொண்டு எழுதப்படும் பாட்டுக் கற்றல் மாடல்கள் இந்த ஒப்பிடுதலைத்தான் சமன்பாடாக்குகின்றன. குயிலுக்கும் அப்படி ஒரு மாடல் எழுதலாம். நிரல் ஓடும், வரைபடம் அழகாக வரும். குயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

2. காதால் கேளுங்கள்.

எந்த நிரலையும் திறக்குமுன் உங்கள் பதிவுகளை முழுதாகக் கேட்டு முடியுங்கள். பாதி வேகத்திலும் கால் வேகத்திலும் ஓட்டிக் கேளுங்கள். ஒரே கிறீச்சாகக் கேட்டது நான்கு தனி ஒலியாகப் பிரியும். இதைச் செய்யச் சொன்னால் முகம் சுளிப்பவர்களுக்கு வேறு துறைகள் உண்டு.

3. பதிவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எம்பி3 என்னும் சுருக்குமுறை மனிதக் காது கவனிக்காததைத் தூக்கி எறிவதற்கென்றே செய்யப்பட்டது. எறிந்ததில் உங்கள் பறவைக்கு வேண்டியது இருந்ததா என்பதை அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. வேவ் கோப்பாகவே வையுங்கள். கைபேசியில் பதிவு செய்தால், இரைச்சலைத் தானே நீக்கும் வசதியையும், ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மாதிரி வீதத்தில் பாதி அதிர்வெண் வரைதான் பிடிக்கலாம் என்பது நைக்விஸ்ட் விதி. நொடிக்கு 44,100 மாதிரி எடுத்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். பறவைகளுக்கு அது தாராளம், வௌவாலுக்குப் போதாது. யானையிடம் சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. 1984இல் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை மட்டும் உணர்ந்தார் கேட்டி பெய்ன். பதிவு செய்து பார்த்ததில் அவை 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான அழைப்புகள் என்று தெரிந்தது. நம் காதின் எல்லைக்கு ஒட்டியும் கீழேயும் உள்ள ஒலி அது. சாதாரண மைக்கை நம்பியிருந்தால் யானை அந்த நேரத்தில் மௌனமாக இருந்தது என்று எழுதியிருப்போம்.

(பறவைக் குரல் பதிவுகளில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1889இல் ஜெர்மனியில் லூட்விக் கோஹ் என்ற சிறுவன் எடிசன் ஃபோனோகிராஃபில் பிடித்தது. பாடிய பறவை ஒரு சோலைபாடி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இருக்கும் இனந்தான், அங்கே கூண்டில் இருந்தது.)

4. ஸ்பெக்ட்ரோகிராம் நீங்கள் வரைந்த படம்.

இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு என்று கணக்கிட்டு அடுக்கியதே அந்தப் படம். துண்டின் நீளத்தை முடிவு செய்பவர் நீங்கள். 44,100 மாதிரி வீதத்தில் 512 புள்ளி எடுத்தால் ஒரு துண்டு 11.6 மில்லிவினாடி, அதிர்வெண் கோடுகளின் இடைவெளி 86 ஹெர்ட்ஸ். 2048 புள்ளி எடுத்தால் 46 மில்லிவினாடி, 21.5 ஹெர்ட்ஸ். நேரத்தில் கூர்மை கூடினால் அதிர்வெண்ணில் மங்கும், மறுபக்கமும் அப்படியே. சல்லடைக் கண்ணின் அளவை மாற்றினால் மேலே நிற்பதும் மாறுகிறதல்லவா, அந்தக் கதைதான்.

இதன் விளைவு நுட்பமானது. வேகமாகத் துடித்துத் துடித்து வரும் ஒரு கிறுகிறுப்பு, குறுகிய துண்டில் தனித்தனிச் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். அதே ஒலி நீண்ட துண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படுக்கைப் பட்டைகளாகத் தெரியும். இரண்டையும் இரு வேறு அழைப்புகள் என்று பெயரிட்டு வந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பறவை ஒன்றைத்தான் பாடியிருந்தது.

அடுத்தது மெல் அளவுகோல். நியூரல் நெட்வொர்க்குக்கு ஊட்டும் படங்களில் பாதிக்கு மேல் மெல் ஸ்பெக்ட்ரோகிராம்தான். அது 1937இல் மனிதர்களை உட்கார வைத்து, சுருதி எவ்வளவு கூடியதாகப் படுகிறது என்று கேட்டு உருவாக்கிய அளவுகோல். பிற்பாடு பேச்சுத் தொழில்நுட்பத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து பறவைக்கு வந்தது. பெரும்பாலான பறவைகளுக்குக் காது மிக நன்றாகக் கேட்பது ஏறத்தாழ 1 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒலியின் நுண்ணிய கால அமைப்பிலோ அவை நம்மைவிடக் கூர்மை. ஓரிரு மில்லிவினாடிக்குள் நடக்கும் மாறுதலையும் பிரித்தறியும் என்று ராபர்ட் டூலிங்கின் ஆய்வகம் காட்டியிருக்கிறது. 46 மில்லிவினாடித் துண்டில் அந்த மாறுதல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இனம் கண்டுபிடிப்பதற்கு மெல் போதும். பறவைக்குப் பறவை என்ன சொல்கிறது என்று கேட்பவர் மெல்லை எடுப்பதற்குமுன் யோசிக்க வேண்டும்.

5. அசை எங்கே முடிகிறது என்று பறவையைக் கேளுங்கள்.

ஒலி அடங்கி மீண்டும் எழும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் அசை என்கிறோம். வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம் இது. எவ்வளவு மௌனம் இருந்தால் வெட்டுவது என்ற எண்ணை மாற்றினால் அசைகளின் பட்டியலே மாறும்.

1990இல் ஜெஃப்ரி சின்க்ஸ் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று. ஜீப்ரா ஃபிஞ்ச் பாடிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று விளக்கை மின்னவிட்டார். பறவை சில சமயம் பாட்டை நிறுத்தியது, ஆனால் நினைத்த இடத்தில் அல்ல. பெரும்பாலும் எடுத்த அசையைப் பாடி முடித்துவிட்டே நிறுத்தியது. அங்கே அசை என்பது ஆராய்ச்சியாளரின் கற்பனை அல்ல, பறவையின் தசையும் மூச்சும் ஒத்துக்கொண்ட அலகு என்று தெரிந்தது.

அதோடு விஷயம் முடியவில்லை. 2002இல் ரிச்சர்ட் ஹான்லோசர், கொஜெவ்னிகோவ், மைக்கேல் ஃபீ மூவரும் பாடும் ஜீப்ரா ஃபிஞ்சின் மூளையில் எச்.வி.சி. என்னும் பகுதியை ஆராய்ந்தார்கள். அங்கிருந்து அடுத்த பகுதிக்குச் செய்தி அனுப்பும் நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு முழுப் பாட்டுச் சுற்றில் ஒரே ஒருமுறை, சில மில்லிவினாடிகள் மட்டுமே துடித்தது. அந்த மட்டத்தில் பார்த்தால் பாட்டு மில்லிவினாடிக் கணக்கில் நகரும் ஒரு தொடர் ஓட்டம், அசைகளின் அடுக்கு அல்ல. மூச்சின் அலகு ஒன்று, நரம்பணுவின் அலகு வேறு. உங்கள் மாடல் எந்த மட்டத்தைப் பற்றியது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

6. மார்க்கோவ் சங்கிலியை எடுங்கள், ஆனால் அதைப் பாட வைத்துப் பாருங்கள்.

அசைகளின் வரிசையை ஆராய வருகிறவர் எல்லோரும் முதலில் எடுப்பது மார்க்கோவ் சங்கிலியைத்தான். இப்போதைய அசை தெரிந்தால் அடுத்த அசையின் நிகழ்தகவு தெரியும், அதற்கு முன்னால் என்ன பாடியது என்பது பொருட்டல்ல. இதுதான் அதன் எடுகோள். பறவை அந்த எடுகோளுக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெங்காலி ஃபிஞ்சை எடுத்துக்கொள்வோம். பெயரில் வங்காளம் இருந்தாலும் அது காட்டில் இல்லாத, கூண்டில் உருவான பறவை. வெண்முதுகுச் சில்லையை ஜப்பானியர் சுமார் 250 ஆண்டுகள் வளர்த்ததில் வந்தது. அந்தச் சில்லை தென்னிந்தியாவிலும் உண்டு. காட்டுச் சில்லையின் பாட்டு ஏறக்குறைய ஒரே வழியில் போகும். கூண்டுப் பறவையின் பாட்டு கிளை பிரிந்து, சுற்றி, திரும்பி வரும். கசுவோ ஒகனோயாவின் குழு பல ஆண்டுகள் உழைத்து இதைக் காட்டியது. இரை தேடும் கவலையும் எதிரி பயமும் இல்லாத இடத்தில், இனம் அடையாளம் காட்ட வேண்டிய கட்டாயம் தளர்ந்ததால் பாட்டு விரிந்தது என்பது ஒகனோயாவின் விளக்கம்.

இந்தப் பறவை சில அசைகளை அடுத்தடுத்துத் திரும்பப் பாடும். முதல்நிலை மார்க்கோவ் சங்கிலிப்படி, இன்னொரு தடவை பாடுவதா நிறுத்துவதா என்பது ஒவ்வொரு முறையும் அதே நிகழ்தகவில் முடிவாகிறது. அப்படியானால் ஒரே தடவையோடு நிறுத்துவதுதான் அதிகம் வர வேண்டும். இரண்டு தடவை அதைவிடக் குறைவு, மூன்று இன்னும் குறைவு என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். பறவை இப்படிச் செய்வதில்லை. பல அசைகளில் எண்ணிக்கை நடுவே ஏதோ ஓர் எண்ணைச் சுற்றிக் குவிகிறது. 2011இல் டெஜே ஜின்னும் அலெக்ஸேய் கொஜெவ்னிகோவும் இதற்கு இரண்டு திருத்தங்கள் போதும் என்று காட்டினார்கள். ஒன்று, காதுக்கு ஒரே அசையாகக் கேட்பதற்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட மறைநிலைகள் இருக்கலாம். இரண்டு, திரும்பப் பாடப் பாட மீண்டும் பாடும் வாய்ப்பு தேய்கிறது. நரம்புகள் அயர்வதைப் போன்ற ஒன்று. மாடல் சிறியதாகவே நின்றது, பறவையின் கணக்கோடும் பொருந்தியது. கேனரிக்கு இதுவும் போதாது. அது அடுத்த தொடரைத் தேர்வதில் பல வினாடிகளுக்கு முன் பாடியதும் தலையிடுகிறது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே மாடலைப் பொருத்திவிட்டு, பொருத்தத்தின் மதிப்பெண்ணைப் பார்த்து எழுந்துவிடாதீர்கள். அதை ஆயிரம் பாட்டுப் பாட வையுங்கள். நீங்கள் பொருத்தாத அளவுகளை எடுத்து, திரும்பப் பாடும் எண்ணிக்கை, பாட்டின் நீளம், இரண்டு குறிப்பிட்ட அசைகளுக்கு இடையே உள்ள தூரம் எனப் பறவையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கேதான் உங்கள் அடுத்த கட்டுரை இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு சங்கடமான செய்தியையும் சொல்ல வேண்டும். டூலிங்கின் குழு 2018இல் ஜீப்ரா ஃபிஞ்சுகளிடம், அசைகளின் வரிசையை மாற்றியும் தனி அசையின் உள்ளமைப்பை மாற்றியும் கேட்க வைத்தது. உள்ளமைப்பின் மாற்றத்தை அவை எளிதில் கண்டுபிடித்தன, வரிசை மாறியதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. வரிசையை எண்ணுவது நமக்குச் சுலபம் என்பதால் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பறவையின் காது வேறெங்கோ இருக்கிறது.

7. எண்ணிக்கை போதுமா என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

20 அசை வகைகள் இருந்தால் இரண்டு இரண்டாக 400 சேர்க்கைகள், மூன்று மூன்றாக 8,000. கையில் 600 அசைகளை வைத்துக்கொண்டு மூன்று அசைகளின் தொடர்பைப் பற்றிப் பேசுபவர் பறவையைப் பற்றிப் பேசவில்லை.

8. தொண்டையைப் படியுங்கள்.

கணினிப் பிள்ளைகள் தவறாமல் தாண்டிப் போகும் பாடம் இது. பறவையின் குரல்பெட்டி நமக்கு இருப்பதுபோல் கழுத்தின் மேலே இல்லை. மூச்சுக்குழல் இரு கிளையாகப் பிரியும் அடியில் இருக்கிறது. அதற்குப் பெயர் சிரிங்ஸ். 1997இல் ஃபிரான்ஸ் கோலரும் ஓலே லார்சனும் மெல்லிய உள்நோக்கிக் கருவியை உள்ளே செலுத்தி, பாட்டுப்பறவைகளில் இதழ் போன்ற திசுக்கள் காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்புவதை நேரில் பார்த்தார்கள். இடது வலது இரண்டு பக்கமும் தனித்தனியே இயங்கக்கூடியவை. அமெரிக்கச் செங்கார்டினல் உயரத்திலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வரும் ஒரே இழுப்பைப் பாடும்போது, மேல் பாதியை வலது பக்கத்திலும் கீழ்ப் பாதியை இடது பக்கத்திலும் பாடுகிறது. ராட்ரிக் சதர்ஸ் இதைக் காட்டினார். ஸ்பெக்ட்ரோகிராமில் அது ஒட்டுத் தெரியாத ஒரே கோடு. ஒரே மூலத்திலிருந்து வரும் ஒலி என்று மாடல் எழுதினால் கணக்கு சரியாக வரும், உடல் தப்பாக வரும்.

புவனோஸ் அய்ரெஸ் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் மிண்ட்லின் இயற்பியல்காரர். அவரும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அழகான வேலைகளில் ஒன்று. அதிரும் இதழை ஒரு நேரியலற்ற அலையியற்றியாக எழுதினார்கள். அதற்கு இரண்டே கட்டுப்பாடுகள்: காற்றுப்பையின் அழுத்தம், இதழின் இறுக்கம். இந்த இரண்டும் ஏறி இறங்கும்போது ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாகச் செல்கின்றன என்பதை மாற்றினாலே போதும். மேலே ஏறும் ஒலி, கீழே சறுக்கும் ஒலி, வளைந்து திரும்பும் ஒலி எல்லாம் பிறந்தன. காதுக்கு அத்தனை வகையாகத் தெரியும் அசைகள், பறவையின் உடலில் இரண்டு எளிய அசைவுகளின் சேர்க்கை.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை என்பதால்தான் இதை உதாரணமாகச் சொல்கிறேன். தூங்கும் ஜீப்ரா ஃபிஞ்சின் மூளையில் சில நரம்பணுக்கள் அதன் சொந்தப் பாட்டை ஒலிக்கச் செய்தால் துடிக்கும், வேறு பறவையின் பாட்டுக்கு அசையாது. 2013இல் அனா அமதோர், மிண்ட்லின், டேனியல் மார்கோலியாஷ் ஆகியோரின் குழு, சமன்பாடு பாடிய பாட்டை அந்தத் தூங்கும் பறவைக்குப் போட்டுக் காட்டியது. நரம்பணுக்கள் துடித்தன. சமன்பாட்டைச் சரிபார்க்க ஆய்வாளரின் கண்ணையோ பொருத்த மதிப்பெண்ணையோ நம்பாமல் பறவையின் மூளையையே சாட்சிக்கு அழைத்த வேலை இது. உங்கள் மாடலுக்கு இப்படி ஒரு சாட்சியை எங்கிருந்து கொண்டுவரலாம் என்று தொடக்கத்திலேயே யோசியுங்கள்.

9. சோதனைப் பதிவுகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

ஒரே நீண்ட பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, குலுக்கிப் போட்டு, பாதியில் பயிற்றுவித்து மீதியில் சோதித்தால் 98 சதவீதம்கூட வரும். பின்னால் ஓடிய ஓடையையும் சுவர்க்கோழியையும் மைக்கின் இரைச்சலையும் அந்த நெட்வொர்க் மனப்பாடம் செய்திருக்கும். பிரிப்பதானால் பறவைவாரியாகப் பிரியுங்கள், இடவாரியாக, நாள்வாரியாகப் பிரியுங்கள்.

ஊர்வழக்கு ஆராய்பவர்களுக்கு இது இரட்டிப்பு எச்சரிக்கை. 1964இல் பீட்டர் மார்லரும் மிவாகோ டமுராவும் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வெண்முடிக் குருவிகள் இடத்துக்கு இடம் வேறு பாட்டுப் பாடுவதைப் பதிவு செய்தார்கள். நம் பக்கத்தில் வி.வி. ராபினும் சகாக்களும் 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பறவை ஒன்றில், மலை உச்சிகளுக்கிடையே பாட்டு வேறுபடுவதை விவரித்தார்கள். இப்படிப்பட்ட வேலையில் ஒரு மலையை ஒரு மைக்கிலும் மறு மலையை வேறு மைக்கிலும் பதிந்து வந்தால், கணினி கண்டுபிடிப்பது மைக்குகளின் ஊர்வழக்கை.

பேர்ட்நெட் போன்ற செயலிகளைப் பயன்படுத்துங்கள், நல்ல கருவிதான். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. மூன்று வினாடித் துண்டுகளாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தரும். 0.8 என்று வந்தால் 80 சதவீதம் உறுதி என்று பொருளல்ல. உங்கள் காட்டில், உங்கள் பறவைக்கு எந்த மதிப்பெண்ணுக்குமேல் நம்பலாம் என்பதைக் காதால் சரிபார்த்து நீங்களே வகுக்க வேண்டும்.

10. சதவீதத்தைத் தனியாகச் சொல்லாதீர்கள்.

2024இல் ஆப்பிரிக்க யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற அழைப்புகளால் கூப்பிடுகின்றன என்ற ஆய்வு வந்தது. அழைப்பின் ஒலியை மட்டும் வைத்து யாரை அழைத்தது என்று மாடல் சரியாகச் சொன்னது 27.5 சதவீதம். கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. தொடர்பே இல்லாத தரவில் அதே மாடலுக்குக் கிடைத்தது 8 சதவீதம் என்பதைச் சேர்த்துப் படித்தால் சிரிப்பு அடங்கும். அந்த ஆய்வாளர்கள் யானைக்கே அதன் அழைப்பை ஒலித்தும் பார்த்தார்கள், தன்னை நோக்கிய அழைப்புக்கு யானை கூடுதலாக எதிர்வினை காட்டியது. மாறாக, 95 சதவீதம் என்று பெருமையோடு எழுதப்பட்ட எத்தனையோ முடிவுகளுக்குப் பக்கத்தில் எதேச்சை அளவு இருக்காது.

11. பொருள் தெரிய வேண்டுமானால் ஒலித்துக் காட்டுங்கள்.

ஒலிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பார்க்க யுமேப் என்னும் கணினி முறை போதும். ஒரு கொத்துக்குப் பொருள் உண்டா என்று அது சொல்லாது. 1980இல் கென்யாவின் அம்போசெலியில் ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, மார்லர் மூவரும் வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கைக் குரல்களை ஒலிபெருக்கியில் போட்டார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரமேறின, கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன, பாம்புக் குரலுக்குக் கீழே தரையைப் பார்த்தன. பாட்டு எல்லையைக் காக்கிறது என்பதும் அப்படி வந்ததே. 1970களில் ஆக்ஸ்ஃபர்டு அருகே வைட்டம் காட்டில் ஜான் கிரெப்ஸ் பட்டாணிக்குருவி ஆண்களை அகற்றிவிட்டுச் சில இடங்களில் ஒலிபெருக்கியைப் பாட வைத்தார். மௌனமான இடங்களே முதலில் ஆக்கிரமிக்கப்பட்டன.

இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. உள்ளூர்ப் பாட்டு ஒன்று, வெளியூர்ப் பாட்டு ஒன்று என இரண்டே பதிவுகளை 20 பறவைகளுக்குப் போட்டால் மாதிரி 20 அல்ல, ஒவ்வொரு பக்கமும் ஒன்றுதான். டொனால்ட் க்ரூட்ஸ்மா 1989இல் இதை எழுதியபோது பலருக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி. இன்னொன்று: கூடு கட்டும் காலத்தில் ஒலிபெருக்கியோடு அலையாதீர்கள். பறவை இல்லாத எதிரியோடு சண்டை போட்டுக் களைத்துப் போகும்.

12. மொழி, இலக்கணம் என்ற சொற்களைக் கடைசியில் எடுங்கள்.

2006இல் மைனாக் குடும்பத்து ஸ்டார்லிங் பறவை, ஒன்றுக்குள் ஒன்று பொதிந்த வாக்கிய அமைப்பைக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு கட்டுரை வந்து உலகம் முழுக்கச் செய்தியானது. 2009இல் நெதர்லாந்துக் குழு ஒன்று ஜீப்ரா ஃபிஞ்சுகளிடம் அதே வகைச் சோதனையைச் செய்து, இதைவிட மிக எளிய விதிகளை வைத்தே பறவை அந்தப் பரீட்சையில் தேறலாம் என்று காட்டியது. செய்தித்தாள்களில் முதல் கட்டுரை மட்டும்தான் வந்தது.

13. பதிவுகளைப் பொதுவில் வையுங்கள்.

கனடாவின் வெண்தொண்டைக் குருவி தன் பாட்டை மூன்று மூன்றாக அடுக்கிய சுரங்களில் முடிப்பதுதான் வழக்கம். நாட்டின் மேற்கில் இரண்டு இரண்டாக முடிக்கும் புதுவகை ஒன்று தோன்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கிழக்கே ஒண்டாரியோ வரை பரவி, பழைய முடிப்பை இடம்பெயர்த்தது. கென் ஆட்டரும் சகாக்களும் 2020இல் இதை வெளியிட்டபோது அவர்களுக்குத் துணை நின்றவை, யார் யாரோ சாதாரண மனிதர்கள் பதிந்து பொதுத் தளங்களில் ஏற்றி வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஏற்றியவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதைப் பிடிக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

அரிய பறவையைத் தேடிக் காடு காடாக அலைய வேண்டியதில்லை. உங்கள் தெருவின் குண்டுக்கரிச்சான், தையல்சிட்டு, சின்னான் போதும். ஒரே பறவையை, ஒரே மரத்தில், பருவம் முழுவதும் பதியுங்கள். இரைச்சலை நீக்காமல், வெட்டாமல், தேதி, நேரம், இடம், கருவி எல்லாம் குறித்து ஸெனோ கான்ட்டோ என்னும் பொதுத் தளத்தில் ஏற்றுங்கள். மாடல் எதுவென்று பிறகு பேசலாம். குண்டுக்கரிச்சான் பங்குனி, சித்திரையில் விடியுமுன் பாடும், அதற்குள் மைக்கைத் தயார் செய்துகொள்ளுங்கள்.